மூச்சண்ணன் காருக்கு வைத்த வாய்

எங்கள் விருத்தாசலத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு, போலீஸுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மூச்சண்ணனின் காருக்குப் பயப்படாதவர் என்றால் ஒரே ஒருவர்தான். அது மூச்சண்ணனின் மனைவி. மூச்சண்ணனே கொஞ்சம் பயந்தார். நான் நிறையவே பயந்தேன். ஊருக்கே தெரிந்த சங்கதி, இங்கே ஒளிப்பானேன்.

மீட்டர் பெட்டியில் ஃப்யூஸ் போடுகிற வெள்ளைப் பீங்கான் கட்டை இருக்கிறதல்லவா, அதைச் செய்கிற சின்ன யூனிட் ஒன்றில் நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். அங்கே சூளைக்கு மூச்சண்ணன் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரே கையை விரிப்பார். உலகத்தில் எந்தக் கோளாறானாலும் காரணம் மூச்சு என்பது அண்ணனின் கட்சி. சூளை சரியாக வேகவில்லையா, மூச்சு. மிக்சி சுற்றவில்லையா, மூச்சு. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, “வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க, கொஞ்சம் பாருங்க” என்பார். டிரைவர்கள் அவரைக் கண்டால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். டாக்டர் பார்த்துச் சொல்லியாகிவிட்டது, மாலை வாங்க ஆள் போயாகிவிட்டது. மூச்சண்ணன் வந்தார், செருப்பைக் கழற்றினார், நேரே போய்ப் பெரியவரின் மூக்கருகே காதை வைத்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் கப்பென்று நிறுத்திவிட்டார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், கேட்கிறார், முடிகிற வழியாக இல்லை. கடைசியில் நிமிர்ந்து, “இல்ல. போயிட்டாரு” என்றார். அதற்கப்புறம்தான் அழுகை மறுபடி ஆரம்பித்தது. அன்றிலிருந்து எங்கள் பக்கம் சாவு விழுந்தால், டாக்டர் சொன்ன பிறகும், “மூச்சு வந்து பாத்துட்டாரா?” என்று ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் பாடை கட்டுவதில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் செய்து அனுப்பியது ஒன்று, இவர் ஆக்கி வைத்தது வேறொன்று. காலையில் அது குதிரை. உச்சி வெயில் ஏறிவிட்டால் எங்கே போனாலும் பாதி வழியில் நின்றுவிடும். பொழுது சாய்ந்தால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும்.

அவர் மனைவி அஞ்சலை அண்ணிக்கு ஸ்ரீமுஷ்ணம் பிறந்த ஊர். அங்கே அண்ணியின் கூடப் பிறந்த அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. அந்தக் குடும்பத்தில் முதல் வளையலை அத்தைதான் போட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. பட்டுப்புடவை, பழத்தட்டு, வளையல் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இருவரும் காரில் கிளம்பினார்கள். நல்ல வெயிலில், நட்ட நடு வயற்காட்டில், வண்டி நின்றது. அண்ணி பட்டுப்புடவையோடு கரும்பு டிராக்டர் ஒன்றில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து, பக்கத்து வீட்டு அம்மாள் போட்ட வளையல் அந்தப் பெண்ணின் கையில் கிடந்தது. சாயங்காலம் காரோடு வந்து சேர்ந்த மூச்சண்ணனை அண்ணி வாசலிலேயே நிறுத்தினார்.

“ஒண்ணு, அந்த வண்டிய வித்துட்டு பஸ்ஸுல வந்து கூப்பிடுங்க, வரேன். இல்லன்னா, இதே மாதிரி உச்சி வெயில்ல அந்த வண்டியையே ஓட்டிக்கினு, நடுவுல நிக்காம இந்த வாசலுக்கு வாங்க. அப்பவும் வரேன். ரெண்டும் முடியாதுன்னா நான் எங்க அண்ணன் வூட்லயே இருந்துக்கிறேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க கொறட்டையில தூங்காத தூக்கம் பாக்கி கெடக்குது. தூங்கித் தீத்துக்கிறேன்.”

வண்டியை விற்றுத் தொலைத்திருக்கலாம். நானாக இருந்தால் அங்கேயே, அந்த வாசலிலேயே விற்றிருப்பேன். மூச்சண்ணனிடம் சொன்னேன்.

“மூச்சு முட்டுதுன்னு ஒரு சீவன வித்துடுவியா தம்பி?” என்று கேட்டார்.

சரி, கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டேன்.

சமாதானம் பேச ஒருமுறை நான் ஸ்ரீமுஷ்ணம் போனேன். அண்ணி காபி கொடுத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. “தூக்கமெல்லாம் தீந்துடுச்சா அண்ணி?” என்று கேட்டேன். “எங்க தம்பி. இந்த வூடு ரொம்ப அமைதியா இருக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அமைதியாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்ட பெண்மணியை நான் அன்றுதான் பார்த்தேன். மரமண்டை எனக்கு அதற்கு மேல் விளங்கவில்லை.

இங்கே மூச்சண்ணன் தினமும் மத்தியானம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்தார். பிறகு முடிவு சொன்னார். இஞ்சினுக்குள் போகிற காற்று பானெட்டுக்குள்ளேயே சுற்றி, புகை போகிற குழாய்ப் பக்கம் சுட்டுப் பழுத்துவிட்டுப் போகிறதாம். “அடுப்பு மேல மூஞ்சிய வெச்சிக்கினு மூச்சு வாங்குனா யாருக்குத்தான் தாங்கும்? வெளியிலேர்ந்து பச்சைக் காத்து குடுக்கணும். மூக்கை வெளிய வெக்கணும்.” கார் ரேஸ் ஓட்டுகிறவர்கள் இப்படிக் குளிர்காற்றுக் குழாய் வைப்பதைப் போனில் வீடியோவாகப் பார்த்திருக்கிறார். கடையில் விற்கிறதே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

முதலில் போர்வெல்லுக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாயை வளைத்து வைத்தார். மணிமுத்தாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அது சூட்டில் இளகி, வாடின புடலங்காயாகத் தொங்கியது. “சூட்டுக்குன்னே பொறந்த சாமானை நாம கையில வெச்சிருக்கோம். பிளாஸ்டிக்க தேடிப் போனேன் பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, பீங்கானிலேயே குழாய் வார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

இங்கேதான் பீங்கானிலேயே பிழைக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. பீங்கான் மண் காய்ந்து வெந்து வரும்போது சுருங்கும். அதனால் எதைச் செய்தாலும் அச்சை ஒரு பங்கு பெரிதாகப் போடுவோம். மூச்சண்ணன் சூளைக்காரர் அல்லவா, சுருங்குவதைக் கணக்குப் போட்டு, கூட்டித்தான் அளவு கொடுத்தார். அச்சுப் போடுகிறவரும் பழுத்த கை. கொடுத்தது வெந்த பிறகு வர வேண்டிய அளவு என்று நினைத்து, வழக்கம்போல அவரும் ஒருமுறை கூட்டிக்கொண்டார். ஃப்யூஸ் கட்டைகளோடு கட்டைகளாக வெந்து வெளியே வந்த குழாயைப் பார்த்தால், நடுவில் பூசணிக்காய் விழுங்கிய பாம்பு. தூக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொன்னோம். அண்ணன் அதற்குள் காதை வைத்துக் கேட்டார். “வயிறு பெருசா இருந்தா நல்லா இழுத்து மூச்சு வாங்கும்” என்றார்.

ரெண்டு முனையும் மட்டும் தேய்த்துச் சரிப்படுத்தி, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கிளாம்பு போட்டு, ஒரு முனையை ஃபில்டர் டப்பாவோடு இறுக்கினார். சூடு ஏறாமலிருக்க, சூளைக்குப் போடுகிற வெள்ளைப் பஞ்சைக் குழாய் மேல் சுற்றினார். மறு முனை காரின் முகப்பில், விளக்குக்குப் பக்கத்தில் வெளியே வர வேண்டும். அப்படியே விட்டால் எலி போகும், கல் போகும். அதற்கு ஒரு மூடி வேண்டுமே என்று பக்கத்து பொம்மை யூனிட்டின் கழிவுக் குவியலைக் கிளறினார். திருஷ்டி பொம்மை முகம் ஒன்று கிடைத்தது. கரிய முகம், பிதுங்கின கண், கோரைப்பல், ஆவென்று திறந்த வாய். சூளையில் நாக்கு ஒடிந்து, நாக்கு இருந்த இடத்தில் ஓட்டை விழுந்த பொம்மை. அதற்குப் பின்னால் வலை வைத்து, குழாயோடு சேர்த்து ஒட்டினார். ஆக, கார் இனிமேல் அந்த வாய் வழியாகத்தான் மூச்சு விடும்.

யூனிட் முற்றத்தில், சாப்பாட்டு நேரத்தில், நல்ல உச்சி வேளையில் முதன்முதலாகச் சாவி போட்டார். இஞ்சின் சத்தம் எங்களுக்குப் பழகினதுதான். அதற்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. அடிவயிற்றிலிருந்து யாரோ நீளமாக இழுத்து, அங்கேயே கொஞ்சம் நிறுத்தி, கரகரவென்று மறுபடி இழுப்பது போல. மனுஷக் குரல்தான். ஆனால் எந்த மனுஷனுடையது என்று சொல்ல முடியாது. லாரிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து, குரைக்கக்கூட இல்லை, வெளியே போய்விட்டது. பேக்கிங் பகுதியில் வேலை செய்த ஓர் அம்மாள் டிபன் பாக்ஸை மூடினார்.

“யாருக்கோ உசுரு இழுத்துக்கினு கெடக்குது” என்றார்.

மூச்சண்ணனின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “வாங்குது பாத்தியா” என்றார்.

வாங்கியது. வெயிலில் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார், வண்டி நிற்கவே இல்லை. ஆள் இல்லாத மத்தியானத் தெருவில் கார் வருவதற்கு முன்னால் அந்த இழுப்பு வரும். சன்னல்கள் சாத்திக்கொள்ளும். பிறகு அந்த முகம் முனை திரும்பும்.

இதெல்லாம் பரவாயில்லை. ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வீட்டு வழியாக நடந்து போனேன். கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை. இஞ்சின் ஓடவில்லை. சாவி வாசல் நிலையில் ஆணியில் தொங்குகிறது, என் கண்ணால் பார்க்கிறேன். அந்த வாய் மட்டும் ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. அனல் காற்று, ஈ காக்கை இல்லை. படித்தவன்தானே, பயப்படலாமா என்று கிட்டே போய்க் குனிந்தேன். சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்தேன், மறுபடி ஆரம்பித்தது. இன்னொருமுறை குனிந்து பார்க்க எனக்கென்ன பைத்தியமா? செருப்பில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்த மூச்சண்ணன் விளக்கம் சொன்னார். “காலி பாட்டில் வாயில ஊதுனா சத்தம் வராது? அதுதான் இது. வயிறு பெருசு, வாய் சின்னது, காத்து அடிச்சா பாடும். நீ போயி காத்தை மறைச்சிக்கினு நின்ன, நின்னுடுச்சி.” விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வழியாக மத்தியானத்தில் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைகடையாகச் சாம்பிராணி போடுகிறவர் ஒருவர், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்த அந்தக் காரின் பக்கமாகக் கரண்டியைக் கொண்டுபோனார். மேலே போக வேண்டிய புகை வளைந்தது. வளைந்து, நூல் பிடித்த மாதிரி, அந்த வாய்க்குள் போயிற்று. அவர் கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். கடைத்தெருவே எழுந்து நின்றது. அடுத்த நாள் காரின் முகப்பில் குங்குமம் இருந்தது. அதற்கடுத்த நாள் ஒருவர் வந்து, மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று காரிடம் கேட்டார். கார் ம்ம் என்றது. அந்தப் பையனுக்கு வேலையும் கிடைத்துத் தொலைத்தது.

அண்ணனுக்கு இதில் ஒரே கவலைதான். “ஃபில்டர்ல குங்குமம் அடைக்குது தம்பி. மூச்சு முட்டும்.” யாரோ எலுமிச்சம்பழத்தை வாய்க்குள் திணித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, ‘இங்கே எலுமிச்சம்பழம் வைக்காதீர்கள்’ என்று அட்டையில் எழுதிக் கண்ணாடியில் மாட்டினார். அதைப் படித்த பிறகுதான், இந்தச் சாமிக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்பதே ஊருக்குத் தெரிந்தது.

அப்படியே ஸ்ரீமுஷ்ணம் போகும் நாளும் வந்தது. அண்ணனுக்கு ஒரே சந்தேகம், ரயில்வே கேட் போட்டிருந்தால்? என்னை அண்ணிக்குப் போன் போடச் சொன்னார். “கேட்டு போட்டா வண்டி நிக்கலாம். இஞ்சின் நிக்கக் கூடாது” என்று அண்ணி தீர்ப்புச் சொன்னார். புதுச் சட்டை, மல்லிகைப் பூப் பொட்டலம், பின்சீட்டில் சாட்சியாக நான். அக்னி நட்சத்திர வெயிலில் கிளம்பினோம். அண்ணன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“நின்னுட்டா அவ வர மாட்டா தம்பி. அவ சொன்னா சொன்னதுதான்” என்றார். “வூட்டுல ராத்திரி எனக்கு மூச்சே வர்ல” என்றும் சொன்னார். அந்த மனிதர் தன் மூச்சைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நினைத்தபடியே கேட் போட்டிருந்தது. இஞ்சினை அணைக்காமல் நின்றோம். வாய் இழுத்தது. முன்னால் பைக்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக ஓரம் கட்டினார்கள். பக்கத்து பஸ்ஸில் அந்த வெயிலிலும் சன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடினார்கள். கேட் திறந்ததும் எங்களுக்குத்தான் முதல் வழி. கவர்னர் வந்தால்கூட அந்த ஊரில் அப்படி வழிவிட மாட்டார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் அண்ணியின் தெருவுக்குள் நுழைந்தபோது எங்களுக்கு முன்னால் சத்தம் போய்விட்டிருந்தது. எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. தெருக்கோடியில் அந்த வீடு தெரிகிறது. அண்ணன் வண்டியை மெதுவாக விட்டார். அப்போது ஒரு சந்திலிருந்து, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் வந்தார். என்னவோ முணுமுணுத்துக்கொண்டே குறுக்கே நின்று, பிரேக் போடுவதற்குள், கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அந்த வாய்க்குள் ஓங்கி அழுத்திவிட்டுச் சந்துக்குள் ஓடிவிட்டார்.

வண்டி இருமியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

அண்ணன் இறங்கிப் பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். டிக் டிக் என்று மட்டும் சொன்னது. வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அண்ணனின் அந்தப் பெரிய உடம்பு காருக்கு முன்னால், அந்தப் பொம்மை முகத்துக்குப் பக்கத்தில், ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. “போச்சு தம்பி” என்றார். அந்த விபூதிக் கிழவரை என் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன்.

அப்போது வயல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. ஓடாத இஞ்சின், ஆளில்லாத தெரு, உச்சி வெயில். அந்த வாய் மெல்ல இழுக்க ஆரம்பித்தது. நீளமாக இழுத்து, நிறுத்தி, கரகரவென்று மறுபடி. பக்கத்து வீடுகளில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கோடி வீட்டுக் கதவு மட்டும் திறந்தது.

அஞ்சலை அண்ணி வாசலுக்கு வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வேகமாக நடந்து வந்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, மூச்சண்ணன் செய்வது போலவே, அந்த வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பாதி அழுகையும்தான்.

“நின்னுடுச்சி அஞ்சல” என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

“எங்க நின்னுது? மூச்சு வருதே.”

“இஞ்சின் நின்னுடுச்சி.”

“மூச்சு வந்துக்கினு இருக்கிறவங்கள போயிட்டாங்கன்னு நீங்களே சொல்ல மாட்டீங்க. எழுந்திருங்க. ஊரையே அடிச்சி வெரட்டிக்கினு வந்திருக்குது, இது உங்க கொறட்டைங்க. அச்சு அசல் உங்க கொறட்டை.”

அண்ணி உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார். அவருடைய அண்ணனும் நானும் வண்டியைத் தள்ளினோம். கிளம்பிவிட்டது. ஊர் எல்லை தாண்டுவதற்குள், அந்தப் பயங்கரச் சத்தத்துக்கு நடுவில், அண்ணி முன்சீட்டில் தூங்கிப்போனார். விருத்தாசலம் வரை அவரை எழுப்ப முடியவில்லை. அண்ணன் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

போன வருஷம் மூச்சண்ணன் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்தான். டாக்டர் வந்து பார்த்துச் சொன்னார். சொன்ன பிறகும் கூடத்தில் யாரும் அசையவில்லை. பழக்கதோஷம், இன்னொருவர் வந்து சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அந்த இன்னொருவர்தான் கீழே கிடக்கிறார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய்க் குனிந்து, அவர் மூக்கருகே காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தேன். ‘இல்ல, போயிட்டாரு’ என்கிற ரெண்டு வார்த்தை என் வாயில் வரவில்லை.

அந்த நேரத்தில் வாசலில் காற்று அடித்தது. வேப்பமரத்தடியிலிருந்து அவருடைய குறட்டை கேட்டது. நீளமாக இழுத்து, நிறுத்தி, கரகரவென்று. கூடத்தில் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. உறவுக்காரர் ஒருவர் சமாளித்துக்கொண்டு, கந்தல் துணி ஒன்றை எடுத்து அந்த வாயை அடைக்கக் கிளம்பினார்.

அஞ்சலை அண்ணி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “வுடுங்க. இப்பதான் தூங்குறாரு.”

கார் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. மத்தியானத்தில் எங்கள் தெருக்காரர்கள் அந்த வழியாகப் போவதில்லை. நான் போகிறேன், வேண்டுமென்றே அந்த வழியாகத்தான் போகிறேன். அந்த வீடு வந்ததும் பைக்கை அணைத்துவிட்டு, வேப்பமரம் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போகிறேன். பாவம், மனுஷன் தூக்கம் கலைந்துவிடக் கூடாது.